கத்தியா, கரண்டா?

முகத்தில் தோல் புற்று கண்டவர்கள் வார்டில் என்னிடம் கேட்பது இதுதான்: "ஐயரே, கத்தி வைக்காமல் கரண்ட் வைத்தால் போதாதா?" முகம் என்றால் யாருக்குத்தான் பயமில்லை?

பிரான்சில் 347 பேரை இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வு 1997இல் வெளியானது. எல்லாம் 4 சென்டிமீட்டருக்கு உட்பட்ட, மெதுவாய் வளரும் முகப் புற்று. நான்கு ஆண்டுகளில், அறுவை செய்தவர்களில் 0.7 சதவீதத்தினருக்கே நோய் மீண்டது, கதிர்வீச்சில் 7.5. தழும்பிலும் கத்தியே மேல் என்றால் நம்புவீர்களா? கதிர்பட்ட தோல் நாளடைவில் நிறம் மாறி, மெல்லிய இரத்தக்குழாய்கள் தெரியத் தொடங்கும்.

ஆனாலும் அறுவை தாங்காத முதியவருக்குக் கதிர்வீச்சு நல்ல வழிதான். இளையவருக்கு டாக்டர்கள் தயங்குவார்கள். பல வருடம் கழித்து அவ்விடத்திலேயே வேறு புற்று வரலாம்.

சிறு கட்டியானால் மரத்துப்போக ஊசி போட்டு ஒரே நாளில் வெட்டி எடுக்கலாம். கதிர்வீச்சுக்கோ பெரும்பாலும் வாரக்கணக்கில் வரவேண்டும். கூலிக்காரருக்குப் பஸ் கட்டணமும் இழந்த கூலியும் சேர்ந்தால், பாதியில் நின்றுவிடத் தோன்றும்.