பிளேட்டும் தீட்டுங் கருவியும்



எறிந்துவிடுவதற்கென்றே ஒரு பொருளை ஆக்கிய ஒருவரையும், அதனை எறிய மனம் வராத பல்லாயிரம் பேரையும் பற்றியது இப்பேச்சு. பொருளோ மிகச் சிறிது. சவரஞ் செய்யும் பிளேட்.

முற்காலத்துச் சவரக்கத்தி ஓர் ஆயுட்காலச் சொத்து. சாணைக்கல்லில் தீட்டியும் தோல்வாரில் தடவியும் பேணினால் தந்தையின் கத்தி மகனுக்கும் பயன்பட்டது. இம்முறையை மாற்ற 1895 ஆம் ஆண்டில் எண்ணங்கொண்டவர் கிங் காம்ப் ஜில்லெற் என்னும் அமெரிக்கர். அவர் போத்தல் மூடி செய்யும் நிறுவனமொன்றின் விற்பனையாளர். ஒருமுறை திறந்ததும் எறியப்படும் மூடி அந்நிறுவனத்துக்குச் செல்வம் ஈட்டித் தந்ததை நாள்தோறும் கண்டவர். அவ்வாறே எறியத்தக்க அலகு ஒன்றைச் செய்தால் என்ன என்று எண்ணினார். அத்துணை மெல்லிய உருக்குத் தகட்டில் கூர் நில்லாது என்று துறைபோனோர் கைவிரித்தனர். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியியலாளரின் துணையாலேயே அது கைகூடிற்று. 1903 இல் விற்பனையானவை 51 சவரக் கருவிகளும் 168 பிளேட்டுகளும் மட்டுமே. அடுத்த ஆண்டில் கருவிகளின் விற்பனை தொண்ணூறாயிரத்தை எட்டியது.

கருவியை ஒருமுறை வாங்கினாற் போதும். பிளேட்டையோ வாங்கிக்கொண்டே இருக்கவேண்டும். வணிகத்தின் சூட்சுமம் இதுவே. ஆனால் அன்றைய காபன் உருக்குப் பிளேட் சில நாட்களிலேயே மழுங்கியது. ஈரம் பட்டால் துருவும் பிடித்தது. பளபளவென்று புதிதுபோல் தோன்றும் உருக்கைக் குப்பையில் எறிவதா என்று சிக்கனக்காரர் தயங்கினர். கண்ணாடிக் குவளையின் உட்புறத்தில் பிளேட்டை விரல்நுனியால் அழுத்தி முன்னும் பின்னும் தேய்ப்பது பல நாடுகளிற் பரவிய வழக்கம். குவளையின் வளைவு பிளேட்டின் இரு ஓரங்களையும் ஒருங்கே தாங்கும் என்பதே அதிலுள்ள நுட்பம்.

விரலால் தேய்ப்பதில் ஒரு குறை உண்டு. பிளேட்டின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரிற் பத்திலொரு பங்களவே. பிடிப்பதற்கு முதுகும் இல்லை, காம்பும் இல்லை. தேய்க்குங் கோணம் சற்றுத் தவறினாலும் கூர் மேலும் கெடும். ஆகவே பிளேட்டை இறுகப் பற்றி, ஒரே கோணத்திற் சாய்த்து, ஒரு முகத்தைத் தீட்டியதும் மறுமுகத்தைப் புரட்டித் தருகின்ற பிடி ஒன்று வேண்டப்பட்டது. கோணங்களைப் படிப்பதால் என்ன பயன் என்று வினவும் மாணவனுக்கு இப்பிடி ஒன்றைக் கையிற் கொடுத்தால் வேறு விளக்கம் வேண்டியதில்லை.

அமெரிக்காவில் உருவான துவின்பிளெக்ஸ் என்னுங் கருவியில், தோல் போர்த்த இரண்டு உருளைகளுக்கிடையே பிளேட் நிற்கும். சிறு கைப்பிடியைச் சுழற்றினால் இரு ஓரங்களும் ஒருங்கே தீட்டப்படும். எதிர்த்திசையிற் சுழற்றினால் பிளேட் தானே புரண்டு மறுமுகங் காட்டும். ஹென்றி கெயிஸ்மன் என்பவரின் ஓட்டோஸ்ட்ரொப் இன்னும் எளிது. பிளேட்டைக் கழற்றவே தேவையில்லை. சவரக் கருவியின் தலைக்குள்ளே தோல்வாரை நுழைத்து மேலுங் கீழும் இழுத்தாற் போதும். 1930 இல் இவருடைய நிறுவனமும் ஜில்லெற் நிறுவனமும் ஒன்றாயின. எறியச் சொன்னவரின் நிறுவனத்துக்குத் தீட்டச் சொன்னவரே தலைவரானார் என்பது வேடிக்கையன்றோ!

இங்கிலாந்தின் றோல்ஸ் றேசரை என் கருத்தில் இவ்வினத்தின் தலைசிறந்தது எனலாம். அது கைக்கடக்கமான ஓர் உலோகப் பேழை. ஒரு மூடியிற் சாணைக்கல். மறு மூடியில் தோல். இடையிலுள்ள பிடியை முன்னும் பின்னும் தள்ளத் தள்ள, அலகு ஒவ்வொரு முனையிலும் 'டக்' என்று புரளும். அதன் அலகு மெல்லிய தகடன்று. பழைய சவரக்கத்தியைப் போலத் தடித்த முதுகு உடையது. ஆகவே நெடுங்காலம் உழைத்தது.

இக்கருவிகள் உண்மையிற் பயன்பட்டனவா, அன்றி மனத்திருப்தி மட்டுமே தந்தனவா? 2020 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவக ஆய்வாளர் பிளேட் மழுங்கும் விதத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்தனர். மயிர் உருக்கைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு மென்மையானது. எனினும் அது வளைந்து நிற்குங் கோணமும் உருக்கின் உள்ளமைப்பிலுள்ள சீரின்மையும் ஒருங்கே வாய்க்கும்போது, கூரிலிருந்து நுண்ணிய சில்லுகள் பெயர்ந்து விழுகின்றன. இதை வைத்து நோக்கினால், கோணிய கூரைத் தோல் நிமிர்த்தும், மெல்லிய துருவை நீக்கும். பெயர்ந்த சில்லை மீட்டுத் தராது. அதற்குக் கல் வேண்டும். கல்லுக்குத் தேயக் கொடுப்பதற்குத் தடித்த உருக்கும் வேண்டும். கல்லும் தோலும் ஒருங்கே வைத்த றோல்ஸ் பேழை சரியான வழியிற் சென்றது. தோலை மட்டும் நம்பியவை பாதி வழியில் நின்றன.

எனினும் சரியான வழியிற் சென்றதும் நிலைக்கவில்லை. 1960 களின் தொடக்கத்தில் வில்கின்சன் சுவோட் என்னும் ஆங்கில நிறுவனம் கறையில் உருக்கிற் கூர்செய்து, அக்கூரின்மேல் வழுக்குந் தன்மையுள்ள மெல்லிய பூச்சும் இட்ட பிளேட்டை விற்கத் தொடங்கியது. அது துருவை எதிர்த்தது. பலமுறை சவரத்துக்கும் தாங்கியது. பூச்சோ தீட்டினால் தேய்ந்துபோகும். அக்காலத்தில் றோல்ஸ் றேசர் நிறுவனம் சலவைப் பொறி விற்பனைக்குத் திரும்பியிருந்தது. 1964 இல் அதுவும் நொடித்துப்போயிற்று.