கிருமி போனால் கரையும் புற்று



மேல்மலைப் பூம்பாறையில் பூண்டு நடுகிறவருக்கும் கீழ்மலைத் தாண்டிக்குடியில் காப்பிப் பழம் பறிக்கிறவருக்கும் நெஞ்சு எரிந்தால் என்ன செய்கிறோம்? மெடிக்கலில் போய் 'அல்சருக்கு மாத்திரை கொடுங்க' என்கிறோம். எரிச்சல் அடங்குகிறது, அடுத்த மாதம் திரும்ப வருகிறது. இப்படியே வருடக்கணக்காக ஓட்டுகிறோம். இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் பேச வந்தேன்.

நம் மலையடிவாரத்தில், ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையில், 1990-களில் இந்த மாவட்டத்துக்கென ஒரு புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கினார்கள். அந்தக் கணக்கில் ஆண்களிடையே வயிற்றுப் புற்றுநோய் முன்வரிசையில் நின்றது. இது எங்கோ நடக்கும் கதை அல்ல, நம் வீட்டுக் கதை.

அல்சருக்கும் இந்தப் புற்றுக்கும் காரணமாகும், வயிற்றில் குடியிருக்கும் கிருமி ஒன்று உண்டு: ஹெலிகோபேக்டர் பைலோரி. பெரும்பாலும் சிறுவயதிலேயே, வீட்டுக்குள்ளேயே தொற்றிவிடும். ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சி வருவதைக் காட்டினார். இந்தக் கிருமியை அவருடன் சேர்ந்து கண்டறிந்த ராபின் வாரனுக்கும் அவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1994-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புற்றை உண்டாக்குவது உறுதியான காரணிகளின் பட்டியலில் இதைச் சேர்த்துவிட்டது.

என்னை உலுக்கிய செய்தி வேறு. இரைப்பைச் சுவரில் இயல்பாக நிணநீர்த் திசு கிடையாது. கிருமி வந்த பிறகுதான், அதை எதிர்க்க நோய் எதிர்ப்பு அணுக்கள் அங்கே வந்து கூடுகின்றன. சண்டை வருடக்கணக்கில் நீளும்போது, சிலருக்கு மட்டும், அந்த அணுக்களே கட்டுமீறிப் பெருகி 'மால்ட் லிம்ஃபோமா' என்ற அபூர்வமான நிணநீர்ப் புற்றாகின்றன. ஆனால் தொடக்கத்தில் அந்தப் புற்று, கிருமி தரும் தூண்டுதலை நம்பித்தான் வளர்கிறது. 1993-ல் லண்டன் ஆய்வாளர் ஐசக்சனின் குழு 6 நோயாளிகளுக்குக் கிருமியைக் கொல்லும் மருந்து கொடுத்தது. 5 பேருக்குப் புற்று மறைந்தது! கத்தி வைக்கவில்லை, கதிர்வீச்சும் இல்லை. முற்றிய புற்றுக்கும், சில மரபணு மாற்றம் உள்ளவற்றுக்கும் இது பெரும்பாலும் பலிக்காது. ஆகவே காலத்தில் கண்டுபிடிப்பதுதான் முக்கியம்.

பயந்துவிடாதீர்கள். கிருமி உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்று வருவதே இல்லை. ஆனாலும் எரிச்சல் விடாமல் இருந்தால், எடை குறைந்தால், மலம் கருப்பாகப் போனால், டாக்டரிடம் போங்கள். டியூப் விட்டுப் பார்க்கச் சொன்னால் பார்த்துவிடுங்கள். மூச்சிலும் மலத்திலும்கூடச் சோதிக்கலாம். இன்னொன்று: அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை விடாமல் போட்டுவந்தால், கிருமி சோதனையில் சிக்காமல் போகலாம். 2 வாரம் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும், டாக்டரிடம் கேளுங்கள். சிகிச்சை பொதுவாக 14 நாள். எரிச்சல் நின்றதென்று ஐந்தாம் நாளே விட்டுவிட்டால், பிழைத்த கிருமி அடுத்த முறை மருந்துக்கு மசியாமல் போகலாம்.

மெடிக்கல் கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதே ஆள் மூன்றாவது மாதமும் அல்சர் மாத்திரை கேட்டு வந்தால், தயவுசெய்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள்.