அயல்நாட்டுத் தூக்குமரம்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

பொருள் தேடிக் கடல் கடத்தல் நம்மவர்க்குப் புதிதன்று. நம் குடும்பத்து இளைஞர் பலர் சிங்கப்பூர்க்கும் மலேசியாவுக்கும் செல்கின்றனர். ஆதலின், போதைப்பொருள் கடத்துவார்க்கு ஆங்குள்ள மரண தண்டனையைப் பற்றிச் சில கூறத் துணிந்தோம்.

சிங்கப்பூர்ச் சட்டம் 1973-இல் இயற்றப்பட்டது. 1975-இல் மரண தண்டனை அதனுட் புகுந்தது. 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தியவர்க்குத் தூக்கு. 2 கிராமுக்கு மேல் வைத்திருப்பினும் கடத்துதற்கே என்று சட்டம் கொள்ளும். அன்றென மெய்ப்பித்தல் பிடிபட்டவன் பொறுப்பு. அயல்நாட்டான் என்பதற்காக விலக்கில்லை.

மலேசியத் தமிழராகிய நாகேந்திரன் தர்மலிங்கம் 2009-இல் 42.72 கிராம் ஹெராயினைத் தொடையிற் கட்டிச் சென்று பிடிபட்டார். அவரது அறிவுத்திறன் ஈவு 69 என மதிப்பிடப்பட்டது. பொதுவில் அது 100-ஐ ஒட்டியிருக்கும். மலேசியப் பிரதமரே கருணை வேண்டி எழுதியும் பயனின்றி, 27-4-2022 அன்று தூக்கிலிடப்பட்டார்.

குடிகெடுக்கும் நஞ்சை விற்பார்க்கு யாம் பரிந்து பேசவில்லை. ஆயினும் ஒன்று வினவுவோம். 2012-இல் செய்த திருத்தப்படி, வெறுமனே சுமந்து சென்றவன், அதிகாரிகட்குப் பெருந்துணை புரிந்தான் எனச் சான்று பெறின், ஆயுட்சிறையும் பிரம்படியும் பெற்று உயிர் பிழைக்கலாம். கூட்டத்தின் மறைவுகளை அறிந்தவனிடமன்றோ சொல்லத்தக்க செய்தி இருக்கும்? கூலிக்குச் சுமந்த ஏழை எதனை அறிவான்? அறிந்தவன் பிழைக்க, அறியாதவன் மாளுதல் நீதியாமோ?

மலேசியா 2023-இல் கட்டாய மரண தண்டனையை நீக்கி, ஆளையும் நிலைமையையும் நோக்கித் தீர்ப்பளிக்க நீதிபதிக்கு இடந்தந்தது. யாம் வேண்டுவதும் இத்துணையே.

வேற்றூர் சென்ற கோவலன், தன் சொல்லைக் கேட்பாரின்றி மாண்டதை நாம் அறிவோம். இன்று கேட்டற்கு மன்றங்கள் உள. எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். 2014 அக்டோபரில் தமிழ்நாட்டு மீனவர் ஐவர்க்குப் போதைப்பொருள் வழக்கிற் கொழும்பு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. இந்திய அரசு முயன்றமையால் அடுத்த மாதமே ஐவரும் விடுதலையாயினர்.

ஆதலின், பயணம் புறப்படும் மக்கட்குப் பெற்றோர் இவற்றைச் சொல்லியனுப்புக: பிறர் தரும் பொதியை, உறவினர் தரினும், பிரித்துப் பாராது ஏலாதிருத்தல், பிடிபடின், நம் தூதரகத்துக்கு அறிவிக்குமாறு கேட்டல், விளங்காத தாளிற் கையொப்பமிடாது மொழிபெயர்ப்பாளரை வேண்டல். தூதரகத்துக்கு அறிவிக்கக் கேட்கும் உரிமையை 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை தந்துள்ளது. பெட்டியில் ஊறுகாய் வைக்கும் தாய்மார் இச்சொற்களையும் உடன் வைப்பாராக.