எங்கே வேலை பார்க்கிறீர்கள்?

(நமது பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப நாள் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘நம் இளைஞர்களின் முன்னேற்றம்’ என்பதாகும். அதைப் பற்றிச் சொல்ல நல்ல செய்திகள் நிறைய உண்டு, அவற்றையும் சொல்லுவேன். ஆனால் சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை நான் கண்ட காட்சி ஒன்று என் மனத்தை விட்டு அகலவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அன்று ஒரு வேலையாகப் பரங்கிமலைக்குப் போயிருந்தேன். காலை பதினொரு மணி இருக்கும். மலையுச்சியில், விமான நிலையம் தெரியும் பக்கமாக, நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர். இஸ்திரி போட்ட சட்டை. பக்கத்தில் ஆபீசுக்குக் கொண்டு போகும் பை. கழுத்தில் கம்பெனி நாடா. அதன் நுனி சட்டைப் பைக்குள் இருந்தது.

“என்ன தம்பி, இன்று லீவா?” என்றேன்.

“ஆமாம் ஃபாதர்” என்றார். சற்று நேரம் இருவரும் விமானம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவரே, “மூன்று மாதமாக லீவு, ஃபாதர்” என்றார்.

அந்த நாடாவின் நுனியில் அட்டை இல்லை. அனுப்பிவிட்ட அன்றே கம்பெனியார் அதை வாங்கிக்கொண்டார்கள். பைக்குள் கணிப்பொறியும் இல்லை. மனைவி கட்டிக் கொடுத்த சாப்பாட்டு டப்பாவும் ஒரு தண்ணீர் பாட்டிலும்தான் இருந்தன. நாள்தோறும் காலையில் வழக்கம்போல் புறப்பட்டு, பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரை வரை போவார். அங்கிருந்து தாம்பரம். மறுபடியும் கடற்கரை. அதற்கென்று சீசன் டிக்கெட்டும் எடுத்து வைத்திருந்தார். ரயில் அலுத்துப்போன நாள்களில் மலைக்கு வருவாராம்.

இதை அவர் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை. ஒரு நண்பனிடம் சொல்வதுபோல் சொன்னார். அவருடைய சம்மதத்தைப் பெற்று, அடையாளங்கள் சிலவற்றை மாற்றித்தான் இங்கே கூறுகிறேன். யாரென்று யாரும் ஆராய வேண்டாம்.

பெரியோர்களே, இந்தத் தொழிலை நான் பழிக்க வரவில்லை. 2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அதன் பின் பழைய மகாபலிபுரம் சாலையில் சிறுசேரி வரையிலும், இந்தப் பக்கம் மணப்பாக்கம், ராமாபுரம் வரையிலும் எழுந்த கட்டடங்கள் நம் வீடுகளுக்குச் செய்த நன்மை கொஞ்சமன்று. வீட்டிலே முதன்முதலாகப் பட்டம் பெற்ற பிள்ளை, தகப்பனாரின் கடனை அடைத்தது. தங்கைக்குக் கலியாணம் செய்து வைத்தது. ஒழுகும் வீட்டை இடித்து மாடி எழுப்பியது. இந்த ஆலயத்தின் தளக்கற்களையும் ஒலிபெருக்கியையும் எடுத்துக்கொள்ளுங்கள். நன்கொடைப் பட்டியலில் பெரிய தொகைகளுக்கு எதிரே உள்ள பெயர்களில் பாதி, அந்தச் சாலையில் வேலை பார்ப்பவர்களுடையவை. அதை மறந்துவிட்டு நான் பேசினால் நன்றி கெட்டவன் ஆவேன்.

ஆனால் அந்தச் சம்பளத்திற்கு எதை விலையாகக் கொடுக்கிறார்கள் என்பதைப் பட்டியலில் யாரும் எழுதுவதில்லை.

கலிபோர்னியாவில் கோடைகாலத்துக் காலை ஒன்பது மணி என்றால் நமக்கு இரவு ஒன்பதரை. அங்கே ஒருவர் காப்பியோடு வந்து உட்காரும்போது, இங்கே நம் பிள்ளை குழந்தைக்குக் கதை சொல்வதை நிறுத்திவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் ஆபீசே வீட்டுக்குள் வந்துவிட்டது. சாப்பாட்டு மேசை ஆபீசாயிற்று. ஊரடங்கு போயிற்று, பல வீடுகளில் மேசை இன்னும் திரும்பி வரவில்லை.

அடுத்து, ஆண்டுதோறும் மதிப்பெண். பள்ளிக்கூடத்தோடு தேர்வு முடிந்தது என்று நினைத்த பிள்ளைகளுக்கு அறுபது வயது வரை தேர்வு! பல கம்பெனிகளில் ஒரு முறை இருந்தது. சிலவற்றில் இன்றும் உண்டு. பத்துப் பேர் உள்ள குழுவில் பத்துப் பேருமே நன்றாக உழைத்தாலும், யாராவது ஒருவரைக் கடைசித் தட்டில் வைத்தே தீர வேண்டும். பக்கத்து நாற்காலிக்காரன் நன்றாகச் செய்தால் நமக்கு ஆபத்து என்றாகிவிடுகிறது. நட்பு எங்கே முளைக்கும்? வேலைத்திட்டம் எதுவும் கையில் இல்லாமல் காத்திருப்பவரைப் ‘பெஞ்சில் இருக்கிறார்’ என்கிறார்கள். அந்தப் பெஞ்சில் சம்பளத்தோடு உட்கார்ந்திருப்பவருக்குக்கூட இரவில் தூக்கம் வருவதில்லை என்று நம் இளைஞர் ஒருவர் சொன்னார்.

இருபது ஆண்டு வீட்டுக் கடன் வேறு. மாதத் தவணை ஐந்தாம் தேதி பிடிக்கப்படும் என்றால், நான்காம் தேதி மேலாளர் எது சொன்னாலும் தலையாட்டத்தான் வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு வேலை நிலைக்குமா என்றால், அதுவும் இல்லை. 2014-ஆம் ஆண்டு இறுதியிலும் 2015 தொடக்கத்திலும் டி.சி.எஸ். நிறுவனத்தின் ஆட்குறைப்பு சென்னையில் பெரிய பேச்சாக இருந்தது. கர்ப்பிணியான ஓர் ஊழியரை நீக்கியதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கணிப்பொறித் துறையினருக்கும் தொழிற்தகராறுச் சட்டம் பொருந்தும் என்று தமிழக அரசு 2016-இல் தெளிவுபடுத்தியது. ஆனாலும், சங்கத்தில் சேர்ந்த பிள்ளையை நான் இன்னும் சந்திக்கவில்லை. 2025 ஜூலையில் அதே நிறுவனம் ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. நடுத்தர, மேல்நிலைப் பதவிக்காரர்களே அவர்களில் மிகுதி என்றார்கள். அதாவது, நாற்பதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் பத்தாவதும் பன்னிரண்டாவதும் படிக்கும் வீடுகள்.

உடம்பின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிட, பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்று கண்டார்கள். இரண்டே ஆண்டுகள் கழித்து, 2023 அக்டோபரில், இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி அவர்கள் இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்டு டி தலைவர் 90 மணி நேரம் என்றார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மனைவி முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது என்றும் கேட்டார். அந்தக் கம்பெனியின் பெரிய அலுவலகம் நமக்குப் பக்கத்தில் மணப்பாக்கத்தில்தான் இருக்கிறது. எனக்கு மனைவி இல்லை. ஆனாலும், இங்கே இருக்கும் தாய்மார்கள் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் வைத்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

2024-இல் புனே நகரில் 26 வயதுப் பெண் ஒருத்தி இறந்துபோனாள். கேரளத்துப் பிள்ளை. கணிப்பொறித் துறையன்று, பெரிய கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் சேர்ந்து நான்கே மாதங்கள் ஆகியிருந்தன. வேலைப் பளுவே காரணம் என்று அவள் தாயார் எழுதிய கடிதத்தை நாடே படித்தது. நிறுவனம் அதை ஏற்கவில்லை. யார் சொல்வது சரி என்று தீர்ப்பிட நான் நீதிபதி அல்லேன். அந்தக் கடிதத்தில் ஒரு செய்திதான் என்னைத் தைத்தது. இறப்பதற்குச் சில நாள்கள் முன்பு, மகளின் பட்டமளிப்பு விழாவுக்கென்று பெற்றோர் புனே சென்றிருக்கிறார்கள். மகள் நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது என்றாள், மருத்துவரிடம் காட்டினார்கள், இதயம் நன்றாக இருக்கிறது, தூக்கமும் வேளைக்குச் சாப்பாடும்தான் இல்லை என்றார் அவர். அதன் பிறகும் மகள் வேலைக்குப் போனாள். விழா நாளன்றும் வேலை பார்த்தாள்; விழாவுக்கே தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தப் பெற்றோர் மகளை எவ்வளவு பெருமையோடு பார்த்திருப்பார்கள்! நாமும் அப்படித்தானே பார்க்கிறோம்?

மறுபடி மலைக்கு வருகிறேன். “வீட்டில் ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டேன். அவர் தயங்கிச் சொன்னார்: “எப்படி ஃபாதர் சொல்லுவது? அம்மா யாரிடம் பேசினாலும் என் பெயருக்கு முன்னால் கம்பெனி பெயரைத்தான் சொல்லுவார்கள். நான் மேலாளர் ஆனபோது நன்றிப் பூசை வைத்தார்கள். நீங்கள்தான் மைக்கில் வாசித்தீர்கள்.”

எனக்கு நினைவு வந்தது. வாசித்தது மட்டுமா? ‘நம் பங்கிற்கே பெருமை’ என்று நானாக ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். அதோடு போயிற்றா? அறைக்குத் திரும்பிப் பூசைக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அவர் ரயிலில் போய் வந்துகொண்டிருந்த அதே மாதங்களில், மகன் அமெரிக்கா போக வேண்டும் என்று அந்தத் தாயார் இரண்டு பூசைக் கருத்துகள் கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் நான் உரக்க வாசித்திருக்கிறேன். ஒரு ஞாயிறு அவர் மூன்றாவது வரிசையில்தான் இருந்தார்.

வேலை கிடைத்ததற்கு நன்றி, உயர்வு பெற்றதற்கு நன்றி, விசா கிடைத்ததற்கு நன்றி என்று ஆண்டு முழுவதும் வாசிக்கிறேன். வேலை போய்விட்டது, எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று பெயரைச் சொல்லி ஒருவரும் கருத்துக் கொடுத்ததில்லை. அப்படிக் கொடுக்க முடியாத இடமாக நம் கோயிலை ஆக்கியதில் என் பங்கு பெரியது. பங்கு நாளன்று கல்லூரி வளாகத் தேர்வில் வேலை பெற்றவர்களுக்கு மட்டும் பொன்னாடை போர்த்தினேன். கிடைக்காத பிள்ளைகள் பின்னால் நின்று நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அன்று அது எனக்குத் தவறாகவே தோன்றவில்லை.

முந்திய தலைமுறையில் நடந்த ஒன்றை ஒப்பிட்டுப் பாருங்கள். கிண்டியில் 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் தொழிற்சாலை பலருக்கு நினைவிருக்கும். அதுவும் அந்தக் காலத்துப் புதுமைத் தொழில்நுட்பந்தான். அங்கே வேலை பார்த்த பெரியவர் ஒருவரை நான் இளங்குருவாய் இருந்தபோது அறிவேன். அவர் கையால் பூட்டிய இயந்திரத்திற்கு நாட்டில் தேவையே இல்லாமல் போயிற்று. 2013 ஜூலையில் தந்திச் சேவையும் நின்றது. அன்று அவரிடம், “வருத்தமாக இருக்கிறதா?” என்றேன். “இருக்கிறது சாமி. ஆனால் இன்று மாலை பாட்டுப் பயிற்சி இருக்கிறது” என்றார். தொழிற்சாலையில் அவர் பிட்டர். கோயிலில் ஆர்மோனியக்காரர். வின்சென்ட் தே பவுல் சபையில் பொருளாளர். தெருவில் சைக்கிள் பழுது பார்க்கத் தெரிந்த அண்ணாச்சி. ஒரு பெயர் போனாலும் அவருக்கு மூன்று பெயர்கள் மிச்சம் இருந்தன. மலையில் இருந்தவரும் சிறுவயதில் பீடப் பணியாளர். நன்றாகக் கித்தார் வாசிப்பவர். பதினைந்து ஆண்டுகளாய்த் தொடவில்லை. நேரமில்லை என்று அவர் சொன்னபோது நாமும் விட்டுவிட்டோம். ‘அவர் பெரிய வேலையில் இருக்கிறார்’ என்று பெருமையாகவே விட்டுவிட்டோம்.

13-ஆம் சிங்கராயர் பாப்பரசர் (லியோ என்ற பெயரை நம் முன்னோர் அப்படித்தான் தமிழாக்கினார்கள்) ஆலைத் தொழிலாளரின் உரிமைக்காக 1891-இல் சுற்றுமடல் எழுதினார். 1986-இல் இதே பரங்கிமலைக்கு வந்து சென்ற புனித இரண்டாம் அருள் சின்னப்பர், உழைப்பு மனிதனுக்காக இருக்கிறதேயன்றி மனிதன் உழைப்புக்காக இல்லை என்ற கருத்தை 1981-இல் விரித்து எழுதினார். இன்ஃபோசிஸ் தொடங்கிய ஆண்டும் அதுவே. 2025 மே மாதம் பொறுப்பேற்ற 14-ஆம் லியோ, தாம் அந்தப் பெயரைத் தேர்ந்ததற்குச் செயற்கை நுண்ணறிவு கொண்டுவரும் புதிய தொழிற்புரட்சியையும் ஒரு காரணமாகச் சொன்னார். ரோமையில் அவர்கள் கவலைப்படுவது நங்கநல்லூர் மாடி வீடுகளில் இருக்கும் நம் பிள்ளைகளைப் பற்றியும்தான்.

இனி நான் செய்யப்போவதைச் சொல்லுகிறேன். வளாகத் தேர்வுப் பொன்னாடை இவ்வாண்டு முதல் இல்லை. எதிர்ப்பு வரும், வரட்டும். வேலை இழந்தவர்களுக்காக மாதம் ஒரு பூசை, பெயர் சொல்லாமல், பங்கின் கருத்தாகவே வைக்கப்படும். சனிக்கிழமை மாலைகளில் என் அறை திறந்திருக்கும்.

எல்லாவற்றையும் என்னால் தீர்க்க முடியாது. தூக்கம் கெட்டு, காரணமில்லாமல் கோபம் வந்து, குடிக்கத் தொடங்கி, யாரோடும் பேசாமல் ஒருவர் இருந்தால், அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மனநல மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், பங்குச் சாமியாரே போகச் சொன்னார் என்று சொல்லுங்கள். மருத்துவர் லட்சுமி விஜயகுமார் அவர்கள் 1986-இல் தொடங்கிய ‘சினேகா’ நம் சென்னையிலேயே இருக்கிறது. வாழ்க்கை வேண்டாம் என்ற எண்ணம் வந்தவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதற்காகவே உள்ள அமைப்பு அது. அரசின் டெலி மானஸ் எண் 14416. இரவானாலும் தமிழில் பேசலாம்.

மலையில் இருந்தவர் அன்று மாலையே மனைவியிடம் சொன்னார். நானும் உடன் போயிருந்தேன். அந்த அம்மாள் அழுதார்கள், பிறகு, “மூன்று மாதமாக அந்தச் சாப்பாட்டை எங்கே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்?” என்றுதான் முதலில் கேட்டார்கள். தாயாரிடம் சொல்ல இன்னும் ஒரு வாரம் பிடித்தது. இப்போது அவர் வேறோர் இடத்தில், முன்னைவிடக் குறைந்த சம்பளத்தில் வேலை பார்க்கிறார். வீட்டுக் கடன் இன்னும் தொண்டையை நெரிக்கத்தான் செய்கிறது. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

அவர் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். வரிசையைச் சொல்லமாட்டேன். அன்பு விருந்துக்கு இலை போட்டாயிற்று என்று வின்சென்ட் தே பவுல் சபையினர் கையாட்டுகிறார்கள். பந்தியில் பக்கத்தில் அமர்பவரிடம் ‘எங்கே வேலை பார்க்கிறீர்கள்?’ என்பதை மட்டும் இன்று ஒரு நாள் விட்டுவிட்டு, வேறு எதையாவது கேட்டுப் பேசுங்கள். வாருங்கள், பிரியாணி ஆறிவிடும்.