இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒரு சுரம்

(நம் சமுதாயக் கூடத்தில் நடந்த இசை மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)



அரபு இசையும் ஜாஸும் கலப்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். 'ஃபியூஷன்' என்றாலே உங்களில் சிலர் முகம் சுளிப்பீர்கள். சாம்பாரில் பாயசத்தை ஊற்றியது போன்ற கச்சேரிகளை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோமே! அதனால் ஒரே ஒரு சுரத்தை வைத்துப் பேசுகிறேன்.

நமக்கு ராகம் போல அரபு இசைக்கு மகாம். அவற்றில் முக்கியமான ஒன்று ராஸ்ட். அதன் மூன்றாவது சுரம், நம் கணக்கில் சொன்னால், சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் நிற்கும். பியானோவில் அந்த இடத்தில் கட்டையே கிடையாது. ஏழாவது சுரத்துக்கும் இதே கதி. 'பரவாயில்லை' என்று இரண்டையும் சற்று ஏற்றினால் ராஸ்ட் போய்விடும், சங்கராபரணச் சாயல் வந்துவிடும். மேற்கத்திய இசையோடு சேரும்போது முதலில் பலியாவது இந்த நடுச்சுரம்தான். ஆகவே, கலப்பு நல்லதா கெட்டதா என்று கேட்காதீர்கள். அந்தச் சுரம் என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

முயற்சி புதிதல்ல. தெலோனியஸ் மங்க்குடன் பாஸ் வாசித்த அகமது அப்துல் மாலிக், 1958-லேயே 'ஜாஸ் சஹாரா' என்ற இசைத்தட்டில் அரபுக் கருவிகளையும் சாக்ஸபோனையும் ஒன்றாக உட்கார வைத்தார்.

அடுத்து ரபிஹ் அபு கலில். பெய்ரூட்டில் பிறந்தவர், உள்நாட்டுப் போரின்போது 1978-ல் மியூனிக் போய்ச் சேர்ந்தவர். இவர் வாசிப்பது ஊத். நம் வீணையைப் போல நரம்புக் கருவிதான், ஆனால் மெட்டுகள் இல்லை. விரல் எங்கே நிற்கிறதோ அங்கே சுரம். 1992-ல் வந்த 'புளூ கேமல்' தட்டில் இவருடன் ஜாஸ் கலைஞர்களும், நம் சென்னையைச் சேர்ந்த தாளக் கலைஞர் ரமேஷ் ஷோத்தமும் வாசித்தார்கள். 1996-ல் 'அரேபியன் வால்ட்ஸ்'. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ கொண்ட சேம்பர் இசைக் குழுவோடு. வயலின் குடும்பத்துக்கும் மெட்டு கிடையாது. நடுச்சுரத்துக்கு அங்கே வழி திறந்தே இருக்கிறது.

டிரம்பெட்டுக்கு அந்த வசதி இல்லை. அமீர் எல்சஃபார் சிகாகோக்காரர், தந்தை ஈராக்கியர். ஜாஸ் டிரம்பெட் போட்டியில் வென்ற பரிசுப் பணத்தில் 2002-ல் பாக்தாத் போய் மகாம் கற்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டே போர். பிறகு ஐரோப்பாவில் இருந்த ஆசான்களைத் தேடிப் போய்க் கற்றார். அந்த நடுச்சுரத்தைத் தன் டிரம்பெட்டிலேயே வரவழைக்கவும் பழகினார். 2007-ல் வந்த 'டூ ரிவர்ஸ்' தட்டில் அதைக் கேட்கலாம். மகாமைத் தன் கருவிக்காக வளைக்காமல், கருவியை மகாமுக்காக வளைத்தார்.

இன்னொரு சிக்கல் சத்தம். ஊத் மெல்லிய குரல் கொண்டது, டிரம்ஸ் எழுந்தால் அமுங்கிவிடும். துனிசியாவின் அனுவார் பிராஹெம் 2002-ல் வெளியிட்ட தட்டில் ஊத், பியானோ, அக்கார்டியன் மூன்றே கருவிகள். டிரம்ஸும் இல்லை, பாஸும் இல்லை. பியானோ நிறைய இடம் விட்டு வாசிக்கிறது. அந்த இடைவெளியில்தான் ஊத் நம் காதுக்கு வருகிறது.

இரு தரப்பும் ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுத்தால் பொதுவான, ருசியற்ற ஒன்றுதான் மிஞ்சும். ஜாஸ்காரர் சத்தத்தை விட்டுக்கொடுக்கட்டும், இடத்தை விட்டுக்கொடுக்கட்டும். மகாம் பாடகர் தன் மேடைப் பழக்கங்களை மாற்றிக்கொள்ளட்டும். அந்த நடுச்சுரத்தை மட்டும் யாரும் கேட்கக் கூடாது. அதைக் கொடுத்துவிட்டால் கலப்பதற்கு எதுவும் இருக்காது.

இந்த வாரம் ஒருநாள் இரவு 'அரேபியன் வால்ட்ஸ்' கேட்டுப் பாருங்கள். முதல் முறை சில சுரங்கள் பிசகியது போலத் தோன்றலாம். இரண்டாம் முறையும் கேளுங்கள். ஹெட்போன் போட்டுக்கொண்டால் மேல்வீட்டாருக்கும் நிம்மதி.