பேத்தி கேட்ட கேள்வி
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

நான் நீட்டிப் பேசினால் பிள்ளைகளின் கண் பரிசு மேசைக்குப் போய்விடும். நானும் ஒரு காலத்தில் அந்த வரிசையில் உட்கார்ந்தவன்தானே! ஆகவே, ஒரு பையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு அமர்கிறேன்.

சென்ற பள்ளி விடுமுறைக்குப் பேத்தியை லங்காவிக்கு அழைத்துப்போக ஒரு பயணப் பை வாங்கினேன். ‘கடல் பிளாஸ்டிக்கில் செய்தது’ என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தது. “கடலைச் சுத்தம் பண்ணிச் செஞ்ச பைம்மா” என்று பெருமையாகச் சொன்னேன். அவள் பையை மோந்து பார்த்துவிட்டு, “எந்தக் கடல், தாத்தா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் தெரிந்தவன் போலத் தலையை ஆட்டி வைத்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. அதன் பிறகுதான் தேடிப் படித்தேன்.

கடலிலிருந்து வரும் பொருளில் பை செய்ய முடியுமா? முடியும். நல்ல உதாரணம் மீன்வலை. பசிபிக் கடலில், ஹவாயிக்கும் கலிபோர்னியாவுக்கும் இடையே மிதக்கும் குப்பையின் எடையில் 46 விழுக்காடு மீன்வலைகளே என்று 2018இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. கைவிடப்பட்ட வலை சும்மா இருக்காது. ஆள் இல்லாமலே மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டிருக்கும். இத்தாலியின் அக்வாஃபில் நிறுவனம் பழைய வலைகள், தரைவிரிப்புகள் ஆகியவற்றிலுள்ள நைலானை மூலப்பொருளாகவே பிரித்து, மறுபடியும் நூலாக்குகிறது. 2011இல் சந்தைக்கு வந்த அந்த நூலின் பெயர் எக்கோனில். 2019இல் பிராடா நிறுவனம் அதில் பைகள் செய்யத் தொடங்கியது. புது நைலானுக்கும் அதற்கும் தரத்தில் வேறுபாடு இல்லை.

பாட்டில் கதை வேறு. கடலில் நெடுநாள் கிடந்த பாட்டில் வெயிலிலும் உப்பிலும் நொறுங்கிப் போகும். மணலும் பாசியும் ஒட்டியிருக்கும். அதிலிருந்து நல்ல நூல் எடுப்பது கடினம். அதனால் பல நிறுவனங்கள் கரையோரத்தில், கடலில் விழுமுன் பொறுக்கிய பாட்டில்களையே வாங்குகின்றன. அவற்றைக் கழுவி, துண்டாக்கி, உருக்கி, நூலாக இழுக்கிறார்கள். இதற்கு ‘ஓஷன் பவுண்ட்’ என்று பெயர். கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள், ஒழுங்காக அள்ளப்படாமல் கிடக்கும் குப்பை என்பது அதன் வழக்கமான பொருள். என் பையின் உள்பக்கச் சீட்டில் பொடி எழுத்தில் அதுதான் இருந்தது!

இது மோசம் என்று நான் சொல்லவில்லை. கடலில் விழுமுன் பிடிப்பது நல்ல வேலைதான். ஆனால் கடலில் எடுத்தது வேறு, கரையில் எடுத்தது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிச் சொன்னால், பை வாங்கியதும் நம் கடமை முடிந்தது என்று நினைத்துவிடுவோம்.

கணக்கைப் பாருங்கள். 2010ஆம் ஆண்டில் மட்டும் 48 லட்சம் முதல் 1 கோடியே 27 லட்சம் டன் வரை பிளாஸ்டிக் கடலுக்குள் போயிருக்கும் என்று 2015இல் விஞ்ஞானிகள் மதிப்பிட்டார்கள். 2015 வரை உலகில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சியானது சுமார் 9 விழுக்காடுதான். பை தைத்துத் தீராது, ஐயா! அந்தப் பையும் துணி, சிப், சக்கரம், பசை எல்லாம் சேர்ந்தது. கிழிந்தால் அதை மறுபடி பிரிப்பது லேசல்ல.

மறுசுழற்சி என்ற பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை நம் நாடே பார்த்தது. 2018இல் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவை மூடியதும், அது இங்கே வந்து குவிந்தது. ஜெஞ்சாரோம் மக்கள் எரிந்த பிளாஸ்டிக்கின் புகையைச் சுவாசித்தார்கள். 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன்களை அரசாங்கம் வந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பியது.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இருக்கிற பை நன்றாயிருந்தால் அதையே பயன்படுத்துங்கள். சிப் போனால் தையல்கடைக்குக் கொடுங்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால் பெரிய எழுத்தோடு பொடி எழுத்தையும் படியுங்கள். சங்கத்தாருக்கும் ஒன்று: அடுத்த ஆண்டு பரிசுப் புத்தகங்களுக்குப் பிளாஸ்டிக் உறை வேண்டாமே!

மாணவச் செல்வங்களே, விடுமுறை முடிந்ததும் பேத்தியிடம், “தாத்தா அன்னிக்குத் தெரியாமலே தலையாட்டிட்டேன்மா. இது கடல்ல எடுத்ததில்ல, கரையில எடுத்தது” என்று ஒப்புக்கொண்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்போ கடல்ல உள்ளத யாரு எடுப்பா?” என்றாள். அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. இன்று பரிசு வாங்கும் கைகளில் ஒன்றாவது நாளை அந்தப் பதிலை எழுதட்டும். கேள்வி கேட்பதை மட்டும் நிறுத்தாதீர்கள்.