மோட்டார் வண்டியின் முனகல்

ஓசையைக் கொண்டு உள்ளிருக்கும் நிலையை அறிவது நம் மக்களுக்குப் பழக்கமான கலை. சந்தையில் மண்பானை வாங்கும் தாய்மார் அதனை விரலால் தட்டிப் பார்த்தே கீறல் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவர். தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டி, அது முற்றியதா இளசா என்று அறிவர். 1816-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவர் லேனெக் என்பவர் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, நோயாளி ஒருவரின் மார்பில் வைத்துக் கேட்டார். இன்று மருத்துவர்களின் கழுத்தில் தொங்கும் ஸ்டெதாஸ்கோப்புக்கு அதுவே தொடக்கம். உடல் தன் நோயை ஒலியால் உணர்த்துவது போலவே இயந்திரமும் உணர்த்துகிறது. அத்தகைய ஒலிகளுள் ஒன்றைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். பழைய கார்களில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது எழும் முனகலே அது.

இது மெக்கானிக் அறிய வேண்டிய செய்தியாயிற்றே, மாணவருக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 35 ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றிய நான் கண்டது ஒன்று உண்டு. பாடப் புத்தகத்தில் படித்த விதியை வீட்டு வாசலில் நிற்கும் பொருளில் காணும்போதுதான் அவ்விதி மாணவருக்குச் சொந்தமாகிறது. இந்த முனகலுக்குள் உங்கள் பௌதிகப் பாடம் முழு அத்தியாயமாக ஒளிந்திருக்கிறது.

முதலில் அந்தக் கருவியின் வரலாற்றைச் சற்றுக் காண்போம். மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில், முன்சக்கரங்களைத் திருப்பும் வேலை முழுவதும் ஓட்டுநரின் தோள்வலிமையையே நம்பியிருந்தது. வண்டியின் கனம் கூடக்கூட அந்த வேலையும் கடினமாயிற்று. அமெரிக்காவில் பியர்ஸ்-ஆரோ என்னும் கார் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த பிரான்சிஸ் டேவிஸ் என்பவர், எண்ணெயின் அழுத்தத்தைக் கொண்டு ஓட்டுநருக்கு உதவலாம் என்று கருதி, 1926-இல் அத்தகைய கருவியைக் காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். செலவு மிகுதி என்பதால் அது உடனே விற்பனைக்கு வரவில்லை. இரண்டாம் உலகப்போரில் கனத்த இராணுவ வண்டிகளுக்கு இம்முறை பயன்பட்டது. 1951-இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் இம்பீரியல் காரில் இதனைப் பொருத்தி மக்களுக்கு விற்றது. பின்னர் 1988-இல் ஜப்பானில் சுசுகி நிறுவனத்தின் செர்வோ என்னும் சிறிய காரில், எண்ணெய்க்குப் பதிலாக மின்மோட்டாரே அந்த உதவியைச் செய்யத் தொடங்கியது. இன்று வெளிவரும் புதிய கார்களில் பெரும்பாலானவை மின்சார முறையையே கொண்டுள்ளன. ஆயினும் நம் சாலைகளில் ஓடும் பழைய வண்டிகள் பல இன்னும் எண்ணெய்ப் பம்பையே நம்பி ஓடுகின்றன.

அந்தப் பம்பு எவ்வாறு வேலை செய்கிறது? எஞ்சினிலிருந்து ரப்பர் பெல்ட் ஒன்று பம்பின் கப்பியைச் சுழற்றுகிறது. பம்பினுள் நீள்வட்ட வடிவமான வளையமும், அதன் நடுவே சுழலும் உருளையும் உள்ளன. உருளையின் விளிம்பில் வெட்டப்பட்ட பள்ளங்களில், பெரும்பாலும் பத்து, சிறு தகடுகள் வழுக்கி நகருமாறு செருகப்பட்டிருக்கும். உருளை சுழலும்போது தகடுகள் வெளியே தள்ளப்பட்டு வளையத்தை ஒட்டியபடியே செல்கின்றன. வளையம் நீள்வட்டமாக இருப்பதால், இரு தகடுகளுக்கு இடையிலுள்ள அறை ஓரிடத்தில் விரிகிறது; மற்றோரிடத்தில் சுருங்குகிறது. விரியும் இடத்தில் எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது. சுருங்கும் இடத்தில் அழுத்தத்துடன் வெளியே தள்ளப்படுகிறது. அடைபட்ட திரவத்தின் மீது செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்னும் பாஸ்கல் விதியின்படி, அந்த அழுத்தம் குழாய் வழியே சென்று, சக்கரங்களைத் திருப்பும் தண்டைத் தள்ளுகிறது. ஓட்டுநர் முழுமூச்சாகத் திருப்பும் வேளையில் அந்த அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 1000 பவுண்டையும் கடந்து செல்லும். கார் டயரில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 30 பவுண்டுதான் என்பதை நினைத்துப் பார்த்தால், இதன் வலிமை விளங்கும்.

இனி ஓசைகளுக்கு வருவோம். எல்லா ஓசையும் ஒரே நோயின் அறிகுறி அல்ல. ஸ்டியரிங்கைத் திருப்பியவுடன் கிறீச்சென்று கேட்டால், பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது எனலாம். சக்கரத்தை ஒரு கோடி வரை முழுவதும் திருப்பிப் பிடிக்கும்போது மட்டும் சீறல் கேட்டால், மிகுந்த அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு தன் கடமையைச் செய்கிறது என்று பொருள், அது நோயன்று. கடகடவென்ற அதிர்வு கேட்டால், பம்பைத் தாங்கும் போல்ட் தளர்ந்திருக்கலாம். அல்லது எண்ணெய்க் குழாய் வண்டியின் உடலை உரசிக்கொண்டிருக்கலாம். எஞ்சினின் வேகம் ஏற ஏறத் தானும் ஏறும் நீண்ட முனகலே நாம் ஆராய வேண்டியது. அதற்குப் பெரும்பாலும் காரணம் எண்ணெய்க் குறைவு, அல்லது எண்ணெயில் கலந்த காற்று, அல்லது எண்ணெய் வரும் வழியில் அடைப்பு. இவை யாவும் இல்லையென்ற பின்னரே தகடுகளின் தேய்மானத்தை எண்ண வேண்டும்.

காற்றுக் குமிழி ஏன் இவ்வளவு ஓசை எழுப்புகிறது? கோலி சோடாவை உடைக்கும்போது, அதுவரை தெளிந்திருந்த நீரில் திடீரென்று குமிழிகள் பொங்குவதைக் கண்டிருப்பீர்கள். அழுத்தம் குறைந்ததும், கரைந்திருந்த வாயு வெளிப்படுகிறது. பம்பு எண்ணெயை இழுக்கும் பக்கத்திலும் அழுத்தம் குறைகிறது. எண்ணெய் தாராளமாக வந்து சேராவிட்டால் அங்கே குமிழிகள் பிறக்கின்றன. அடுத்த கணமே அவை உயர் அழுத்தப் பக்கத்துக்குத் தள்ளப்பட்டு, நொறுங்கி மறைகின்றன. அந்த நொறுங்கலே ஓசையாகிறது. நாளடைவில் உலோகத்தின் முகத்தையும் அரிக்கிறது. 1894-இல் இங்கிலாந்தில் பார்சன்ஸ் கட்டிய டர்பினியா என்னும் கப்பல், தொடக்கத்தில் எதிர்பார்த்த வேகத்தைப் பெறாமைக்கு அதன் விசிறியைச் சுற்றித் தோன்றிய இத்தகைய குமிழிகளே காரணம். குமிழி நொறுங்கும்போது எழும் அழுத்தத்தை 1917-இல் ராலே பிரபு கணக்கிட்டுக் காட்டினார். கடலில் கப்பலை வருத்திய அதே நிகழ்ச்சி, நம் வீட்டுக் காரின் உள்ளங்கையளவுப் பம்பிலும் நிகழ்கிறது.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். என்னிடம் 20 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கார் ஒன்று இருக்கிறது. சேலத்திலிருந்து ஏற்காட்டில் இருக்கும் என் மகள் வீட்டுக்கு, மாதம் இருமுறை நானும் என் மனைவியும் அதில் செல்கிறோம். அந்த மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. குளிர்காலத்து விடியலில் அந்த வண்டி முனகத் தொடங்கியது. பம்பு செயலற்றுப் போனாலும் சக்கரங்களைத் திருப்ப இயலும். ஆனால் அதற்கு வேண்டிய வலிமை பன்மடங்கு. வளைவின் நடுவே, அறுபதைக் கடந்த கைகள் திடீரென்று அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டி வந்தால் என்ன ஆகும் என்று எண்ணினேன். காரணம் தெரியும்வரை மலையேறுவதில்லை என்று முடிவு செய்தேன்.

நான் முதலில் காட்டிய பட்டறையில், பம்பு முழுவதையும் மாற்ற வேண்டும் என்றனர். அவர்கள் சொன்ன விலை என் மாத ஓய்வூதியத்தில் பாதிக்கு மேல். செலவு தேவையானால் செய்தே ஆகவேண்டும். ஆனால் தேவை என்பது மெய்ப்பிக்கப்பட வேண்டும் அல்லவா? எங்கள் தெருவில் ஐ.டி.ஐ. படித்த இளம் மெக்கானிக் ஒருவர் சிறு கொட்டகை வைத்திருக்கிறார். அவரிடம் சென்றேன். அவர் எதையும் கழற்றவில்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார். அளவு சரியாகவே இருந்தது. ஆனால் எண்ணெயில் நுரை கட்டியிருந்தது. "ஐயா, இன்றிரவு வண்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்து வையுங்கள்" என்றார். மறுநாள் தாளில் ஒரு சொட்டும் இல்லை.

எண்ணெய் வெளியே ஒழுகவில்லை; ஆனால் காற்று உள்ளே நுழைகிறது. இது எப்படிக் கூடும்? இங்கேதான் பௌதிகம் துணைக்கு வருகிறது. தொட்டியிலிருந்து பம்புக்குச் செல்லும் உறிஞ்சு குழாயில், வண்டி ஓடும்போது, வெளிக்காற்றைவிட அழுத்தம் குறைவு. ஆகவே அங்கே மயிரிழை வழி இருந்தால், எண்ணெய் வெளிவருவதற்குப் பதில் காற்றே உள்ளே புகும். அந்த இளைஞர் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, அந்தக் குழாயின் இணைப்பைச் சுற்றிச் சிறிது எண்ணெய் தடவினார். முனகல் உடனே தாழ்ந்தது. தடவிய எண்ணெய் அந்த வழியைச் சிறிது நேரம் அடைத்துக்கொண்டது என்பதே அதன் பொருள். ஆய்வுக்கூடத்தில் செய்யும் எந்தச் சோதனைக்கும் குறையாத சோதனை அது. வயதால் இறுகி வெடித்திருந்த அந்த ரப்பர்க் குழாயையும் அதன் பிடிவளையத்தையும் மாற்றினார். ஆன செலவு பம்பின் விலையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

ஆயினும் அத்துடன் வேலை முடியவில்லை. உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். முன்சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்தி, வண்டியை உறுதியாகத் தாங்கி நிறுத்தி, எஞ்சினை இயக்காமலே ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாக இருபது முறை திருப்பினார். தொட்டியில் குமிழிகள் மேலெழுந்தன. எண்ணெய் தாழ்ந்தபோதெல்லாம் ஊற்றி நிரப்பினார். நுரை அடங்கிய பிறகே எஞ்சினை இயக்கி, அதே செயலைத் திரும்பச் செய்தார். கோடியில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வைக்கவில்லை. பிடித்தால் எண்ணெய் கொதித்துப் பம்பு கெடும். பிறகு முனகல் கேட்கவில்லை. சில நாள் ஊருக்குள் ஓட்டிப் பார்த்து, நுரை மீளவில்லை என்று கண்ட பின்னரே மலையேறினோம்.

சில எச்சரிக்கைகளையும் சொல்ல வேண்டும். தொட்டியில் ஊற்றும் எண்ணெய், அந்த வண்டியின் கையேடு குறிப்பிடும் வகையாகவே இருக்க வேண்டும். வேறு வகையைக் கலப்பது தீங்கு. பிரேக் எண்ணெயை ஊற்றினால் ரப்பர் உறுப்புகள் ஊதிக் கெட்டுவிடும். எஞ்சின் ஓடும்போது தளர்ந்த ஆடையோ துண்டோ பெல்ட்டின் அருகே செல்லலாகாது. அழுத்தம் மிக்க குழாயில் ஒழுக்கு உண்டா என்று வெறுங்கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசிமுனையளவுத் துளையிலிருந்து பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். அட்டைத் துண்டைக் கொண்டே பார்க்க வேண்டும். தகடுகள் உண்மையாகவே தேய்ந்திருந்தால், தயங்காமல் பம்பை மாற்ற வேண்டும். அப்போதும் பழைய எண்ணெயையும் அதிலுள்ள உலோகத் துகள்களையும் முழுவதும் கழுவி அகற்றாவிட்டால், புதிய பம்பும் விரைவில் பழையதாகிவிடும். உயிரைப் பணயம் வைக்கும் சிக்கனம் சிக்கனமன்று.

மாணவ நண்பர்களே, அந்த இளைஞரின் முறையை எண்ணிப் பாருங்கள். எளிதாகப் பார்க்கத் தக்கதை முதலில் பார்த்தார். கழற்ற வேண்டியதைக் கடைசிக்கு வைத்தார். ஊகத்தைச் சோதனையால் உறுதி செய்துகொண்ட பிறகே கையில் ஸ்பேனரை எடுத்தார். மருத்துவரும், நீதிபதியும், ஆசிரியரும் கைக்கொள்ள வேண்டிய நெறி இதுவே. வகுப்பில் பின்தங்கும் மாணவனைக் கண்டவுடன், 'இவனுக்குப் படிப்பு வராது' என்று தீர்ப்புக் கூறுவது, முனகலைக் கேட்டவுடன் பம்பையே மாற்றச் சொல்வது போன்றதுதான். அவனுக்குக் கண்பார்வை மங்கலா, காலையில் உணவு உண்டா, கரும்பலகை தெரியும் இடத்தில் அமர்ந்திருக்கிறானா என்று முதலில் பார்க்க வேண்டும். பல வேளைகளில் கெட்டிருப்பது பெரிய உறுப்பு அல்ல; அதற்குச் செல்லும் சிறு குழாயே.